நான்காம் மாடியில் வலி கிடையாது

அந்த மருத்துவமனையின் நான்காம் மாடியில் வலி ஒழிக்கப்பட்டு ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. ஒழித்தவர் நிர்வாகத் தலைவர்; ஒழித்த ஆயுதம் சுற்றறிக்கை. 'வலியில்லாப் பிரசவப் பிரிவு' என்று வாசலில் எழுதி வைத்துவிட்டு, உள்ளே நர்ஸுகள் "வலி எப்படி இருக்கு?" என்று கேட்டுக்கொண்டு திரிந்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? ஆகவே அந்த மாடியில் இனி யாரும் அந்தச் சொல்லைச் சொல்லக்கூடாது, எழுதக்கூடாது. 'அசௌகரியம்' என்று சொல்ல வேண்டும்.

சுவரிலிருந்த முகப் படத்தையும் திருத்தினார்கள். முன்பு அதில் வரிசையாக நிறைய முகங்கள் இருந்தன. சிரிப்பில் ஆரம்பித்துக் கண்ணீரில் முடியும். நோயாளி தன் நிலைமைக்கு ஏற்ற முகத்தைத் தொட்டுக் காட்டினால் நர்ஸ் குறித்துக்கொள்வாள். இப்போது அழுகிற முகங்கள், உதட்டைக் கடிக்கிற முகங்கள், புருவம் சுளித்த முகங்கள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு மிச்சத்தை மட்டும் மாட்டியிருந்தார்கள். முதல் முகம் லேசாகச் சிரித்தது. கடைசி முகம் கடைவாய்ப் பல் தெரியச் சிரித்தது. நோயாளிக்கு நடுவில் எதை வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் இருந்தது.

அன்று திறப்பு விழா. கீழே அரங்கத்தில் திரை கட்டி, முன்வரிசையில் மெத்தை நாற்காலி போட்டு, விருந்தினர்கள் வந்து அமர்ந்துகொண்டிருந்தார்கள். மேலே, பெரிய சன்னல் வைத்த அறையில், அந்தப் பிரிவின் 'முதல் தாய்' படுத்திருந்தாள். பட்டத்தை அவள் கேட்டு வாங்கவில்லை. காலையில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு அவள் வந்து இறங்கியபோது, விழாவுக்குக் கர்ப்பிணி கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்த மக்கள் தொடர்பு அதிகாரி வாசலிலேயே நின்றிருந்தார். சட்டையில் டீ சாஸர் அளவுக்கு ஒரு பேட்ஜ் குத்தியிருந்த மனிதர். பெண் பார்க்க வந்த வீட்டார்போல அவளை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். "முகவெட்டு நல்லா இருக்கு. நான்காம் மாடி" என்றார்.

அவளுக்கு ஒரு தொலைபேசிக் கம்பெனியின் புகார்ப் பிரிவில் மேற்பார்வை வேலை. அலுவலகத்தில் அவளுக்கு 'ஐஸ்கட்டி' என்று பெயர். எதிர்முனையில் எவ்வளவு கொதித்தாலும் இவள் உருகமாட்டாள். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு அவள் சொல்லித் தரும் பாடம் ஒன்றுதான்: கத்துகிறவரைப் பற்றிக் கவலைப்படாதே, கத்திக் களைத்துத் தானே வைத்துவிடுவார். மெதுவாக, மரியாதையாக, ஒரே விஷயத்தைச் சொல்லிவிட்டு 'பரவாயில்ல, நான் லைன்லயே இருக்கேன்' என்கிறார் பார், அவர்தான் ஆபத்து. அவரை உடனே மேலிடத்துக்கு அனுப்பிவிடு.

அவளுடன் வந்தவர்கள் இருவர். கணவன், கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். பயிற்சி வண்டியில் ஆசிரியர் காலுக்கு ஒரு பிரேக் தனியாக உண்டு. அதை மிதித்து மிதித்து, எங்கே உட்கார்ந்திருந்தாலும், ஆபத்து என்று மனசில் பட்டால் அவன் வலது கால் தானாகத் தரையை அழுத்தும். கல்யாணத்தன்று போட்டோக்காரர் பின்னால் நகர்ந்தபோதுகூட அழுத்தியிருக்கிறான். மற்றவள் சித்தி. மூன்று பிள்ளை பெற்றவள். கேமரா வரப்போகிறது என்று கேள்விப்பட்டதிலிருந்து கைப்பையிலிருந்து எடுத்த பவுடர் டப்பா மறுபடி உள்ளே போகவில்லை.

காலையில் எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. மயக்க மருந்து டாக்டர் வந்தார். இந்தப் பிரிவே அவர் யோசனைதான். அவளைக் கூன்போட்டு உட்காரவைத்து, முதுகெலும்புக்குப் பக்கத்தில் ஊசி குத்தி, நூல் போன்ற ஒரு குழாயைச் செருகி ஒட்டினார். குழாயின் மறுமுனை ஒரு மருந்துப் பெட்டியில். பெட்டிக்குப் பூட்டு, சாவி டாக்டர் கழுத்துக் கயிற்றில். அவர் கைராசிக்காரர், அதில் பொய்யில்லை. காபி ஆறுவதற்குள் அவளுக்கு இடுப்புக்குக் கீழே உலகம் மறைந்துபோனது. வயிறு இறுகுவது தெரிந்தது; வலி தெரியவில்லை. அவள் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"நான் வெச்ச ஊசி இதுவரைக்கும் தப்பினதே இல்லம்மா" என்றார் டாக்டர், கும்பிடு தனக்கு உரியதுதான் என்ற அடக்கத்தோடு.

அதற்குப் பிறகுதான் கேமரா வந்தது. திட்டம் இதுதான்: கீழே டாக்டர் பேசிக்கொண்டே இருப்பார், உச்சக்கட்டத்தில் திரையில் இந்த அறை தெரியும், முதல் தாய் சிரித்து, 'எனக்கு ஒண்ணுமே தெரியல' என்று ஒரு வரி சொல்வாள். கைதட்டல். கட்டிலை இடப்பக்கச் சுவரோடு ஒட்டித் தள்ளினார்கள், ஏனென்றால் அந்தச் சுவரில்தான் டாக்டரின் பெயர்ப்பலகை. தங்க எழுத்து, பட்டங்கள் மட்டுமே இரண்டு வரிக்கு இருந்தன. கட்டிலின் அந்த ஓரத்தில் மருத்துவமனைச் சின்னம் போட்ட போர்வையை இஸ்திரி மடிப்புக் கலையாமல் கிளிப் போட்டு மாட்டினார்கள்.

டாக்டர் கேமராவுக்குள் எட்டிப் பார்த்தார். "தலை போர்டை மறைக்குதே. எம்.டி. தெரியல. கொஞ்சம் இந்தப் பக்கம் சாய்ங்க."

நர்ஸ் அவளுடைய இடது இடுப்புக்கு அடியில் ஒரு தலையணையைத் திணித்து, வலப்பக்கமாகச் சாய்த்து வைத்தாள். எம்.டி. தெரிந்தது.

"இப்படியே இருங்க" என்று சொல்லிவிட்டு டாக்டர் விழாவுக்கு இறங்கிப் போனார். அவளும் அப்படியே இருந்தாள்.

முன்பகல் கழியும்போது இடது தொடையில் ஏதோ விழித்துக்கொண்டது. முதலில் எறும்பு. பிறகு சூடு. அதற்குப் பிறகு வயிறு இறுகியபோது, இடது அடிவயிற்றிலிருந்து முழங்கால்வரை யாரோ ஈரத்துணியை முறுக்கிப் பிழிவதுபோல ஒரு வலி வந்து, முறுக்கு அவிழாமலேயே நின்றது. வலது பக்கம் ஒன்றுமே நடக்காததுபோல அமைதியாகப் படுத்திருந்தது.

"சிஸ்டர், இடது பக்கம் வலிக்குது."

நர்ஸ் கதவுப்பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். "அசௌகரியமா இருக்குதா மேடம்?"

"இல்ல. வலிக்குது."

"அதான் மேடம், அசௌகரியம்."

அந்தச் சொல் அவளுக்குப் பழக்கமான சொல். அவள் அலுவலகத்தில் 'பழுது' என்று யாரும் சொல்லக்கூடாது. நாலு நாளாக லைன் செத்துக் கிடந்தாலும், 'தங்களுக்கு ஏற்பட்ட அசௌகரியத்துக்கு வருந்துகிறோம்'. அந்த வாக்கியத்தைப் பிழைதிருத்திச் சுவரில் ஒட்டவைத்தவளே அவள்தான். அதை வாங்கிக்கொள்கிற முனையில் இருப்பது எப்படி இருக்கும் என்று இன்றுதான் தெரிந்தது. கேட்டாள், பதிலும் வந்தது, ஆனால் பதிலுக்குப் பின்னால் யாரும் இல்லை.

நர்ஸ் ஒரு ஐஸ் துண்டைத் துணியில் சுற்றி எடுத்து வந்தாள். மரத்துப்போன இடத்தில் குளிர்ச்சி தெரியாது, அதுதான் சோதனை. கட்டிலின் இந்தப் பக்கம் நின்று, கைக்கு எட்டிய வலது தொடையில் வைத்தாள். "ஜில்லுன்னு இருக்கா?"

"இல்ல."

"பாத்தீங்களா. மருந்து அருமையா வேலை செய்யுது."

"இடது பக்கம் வெச்சுப் பாருங்க சிஸ்டர்."

"அந்தப் பக்கம் கலைக்காதீங்க" என்றார் பேட்ஜ்காரர், கேமராவுக்குப் பின்னாலிருந்து. "கிளிப் போட்டிருக்கு. மறுபடி மடிப்பு வராது."

"அவ வலிக்குதுங்கறா. வெச்சுத்தான் பாருங்களேன்" என்றான் கணவன். அவன் கால் தரையை அழுத்தியிருந்தது.

"மாப்ள, நீங்க சும்மா இருங்க" என்றாள் சித்தி. "அவங்களுக்குத் தெரியாததா? ஏண்டி, புள்ள பெத்துக்கறதுன்னா துளிகூட ஒண்ணும் தெரியாம இருக்குமா? நான் மூணு பெத்தேன். பக்கத்து ரூம்ல இருந்தவளுக்குச் சத்தம் கேட்டிருக்குமா? கேட்டிருந்தா வந்து சொல்லச் சொல்லு."

"எந்த முகம் மேடம்?" நர்ஸ் சுவரைக் காட்டினாள்.

அவள் முகங்களைப் பார்த்தாள். அத்தனையும் அவளைப் பார்த்துச் சிரித்தன. எதையும் தொடவில்லை. நர்ஸ் யோசித்து, நியாயமாக நடந்துகொள்ள வேண்டும் என்று, இருப்பதிலேயே குறைவாகச் சிரித்த முகத்தைக் குறித்துக்கொண்டாள்.

அடுத்த இறுக்கத்தில் அவள் கட்டில் கம்பியைப் பிடித்தாள். கத்தவில்லை. கத்தினால் என்ன ஆகும் என்று உலகத்திலேயே அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

பிரசவ டாக்டரம்மா உள்ளே வந்தபோது அறையில் ஒரு சத்தம் மாறியிருந்தது. அவள் வயிற்றில் கட்டியிருந்த பெல்ட் குழந்தையின் இதயத்துடிப்பை ஒலிபரப்பிக்கொண்டிருந்தது. காலையிலிருந்து குதிரை ஓடுவதுபோல ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்த சத்தம். இப்போது வயிறு இறுகும்போதெல்லாம் குதிரை தயங்கியது, கால் இடறியது, பிறகு மெல்ல மறுபடி ஓட ஆரம்பித்தது. டாக்டரம்மா காகிதச் சுருளைப் பார்த்தாள், கையுறை மாட்டிச் சோதித்தாள். பேச்சில் அலங்காரம் இல்லாதவள்.

"கர்ப்பப்பை வாய் முழுசாத் திறந்தாச்சு. தலை கோணலா நிக்குது, இறங்க மாட்டேங்குது. குழந்தை களைச்சுப் போகுது. கொஞ்சம் வெட்டி, ஆயுதம் போட்டுத்தான் எடுக்கணும்." நர்ஸ் எழுதிய அட்டையைப் புரட்டினாள். "அசௌகரியம், முதல் முகம். நல்லது. மருந்து பிடிச்சிருக்கு, உங்களுக்கு ஒண்ணும் தெரியாது."

"டாக்டர், பாதிதான் பிடிச்சிருக்கு."

"பாதின்னா?"

"இடது பக்கம் எல்லாம் தெரியுது. உங்க விரல் தெரிஞ்சுது. மோதிரம் இருக்கிற விரல் எதுன்னுகூடச் சொல்லுவேன்."

டாக்டரம்மா ஐஸ் துண்டை எடுத்தாள். போர்வையின் அந்த ஓரத்தைப் பிடித்து ஒரே இழுப்பு. கிளிப்புகள் தெறித்து விழுந்தன. பேட்ஜ்காரர் தனக்கே வெட்டு விழுந்ததுபோல முனகினார். ஐஸ் இடது தொடையில் பட்டதும் அவள் காலை இழுத்துக்கொண்டாள். மரத்த கால் இழுக்காது.

"இதை ஏன் யாரும் சொல்லல?"

"சொன்னாங்க டாக்டர்" என்றாள் நர்ஸ். குரல் இறங்கியிருந்தது. "அசௌகரியம்னு எழுதியிருக்கேன்."

டாக்டரம்மா ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தாள். "மயக்க டாக்டரைக் கூப்பிடு. உடனே வரச் சொல்லு."

நர்ஸ் அவர் எண்ணை அழுத்தினாள். அந்த அறையிலேயே ஒரு போன் அடித்தது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பேட்ஜ்காரர் தன் சட்டைப்பையை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார்.

"மேடை ஏறும்போது என்கிட்ட குடுத்துட்டுப் போனார். நடுவுல அடிச்சா அசிங்கமில்லையா."

"இன்னொரு மயக்க டாக்டர்?"

"ஆபரேஷன் தியேட்டர்ல இருக்கார், டாக்டர். ஆளைத் தூங்கவெச்சுட்டு வெளிய வர முடியாது" என்றாள் நர்ஸ்.

"அப்ப கீழ ஆள் அனுப்புங்க."

"மேடைக்கா?" பேட்ஜ்காரர் நெற்றியைத் துடைத்தார். "தலைவர் முன்வரிசையில உக்காந்திருக்கார். வலியில்லாப் பிரிவுலேர்ந்து ஒரு ஆள் ஓடி வந்து, வலிக்குதுன்னு காதுல சொன்னா... பேச்சு முடியட்டும், நானே கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வர்றேன்."

"எப்ப முடியும்?"

பேட்ஜ்காரர் காதில் மாட்டியிருந்த கருவியைக் கூர்ந்து கேட்டார். "வலியோட வரலாறுலேர்ந்து ஆரம்பிச்சிருக்கார். இப்பதான் ஆதிமனுஷன் குகையை விட்டு வெளிய வந்திருக்கான்."

டாக்டரம்மா கட்டிலோரம் வந்து அவள் முகத்துக்கு நேராகக் குனிந்தாள். "நேராச் சொல்றேன். மருந்துப் பெட்டி சாவி அவர்கிட்ட இருக்கு. துடிப்பு இறங்கி, மறுபடி ஏறுற வரைக்கும் நான் பொறுப்பேன். இறங்கினது ஏறலேன்னா ஒரு நிமிஷம்கூடப் பொறுக்க மாட்டேன். வெட்டுற இடத்துல மரத்துப்போக ஒரு ஊசி போடுவேன். ஆயுதம் உள்ள போகும்போது அது போதாது. அதுல உங்ககிட்ட பொய் சொல்ல மாட்டேன்."

"சரி" என்றாள் அவள். அடுத்த இறுக்கம் வந்துகொண்டிருந்தது. குதிரை தயங்கியது. நின்றுவிட்டதோ என்று தோன்றும்வரை தயங்கியது. கணவனின் காலடியில் தரை நெரிந்திருக்க வேண்டும். பிறகு ஒரு குளம்பு, இன்னொரு குளம்பு, மெல்ல ஓட்டம் பிடித்தது. இந்தத் தடவை பழைய வேகத்துக்கு வர அதிக நேரம் எடுத்தது. நர்ஸ் சத்தமில்லாமல் தட்டில் ஆயுதத்தைக் கொண்டுவந்து வைத்தாள். இரண்டு பெரிய கரண்டிகளை ஒன்றோடொன்று கோத்ததுபோல இருந்தது. அதன் மேல் நர்ஸ் துண்டைப் போட்டு மூடினாள். உருவம் துண்டுக்கு மேலேயும் தெரிந்தது.

சித்தி பவுடர் டப்பாவைப் பைக்குள் போட்டாள். "நான் பொய் சொன்னேன்டி" என்றாள் தணிந்த குரலில். "மூணாவதுக்கு நான் போட்ட கூச்சல்ல வாட்ச்மேன் உள்ள ஓடி வந்துட்டான். நீ கத்து. நல்லாக் கத்து. நானும் சேந்து கத்தறேன்."

"கத்தினா லைனைக் கட் பண்ணிடுவாங்க சித்தி."

"நான் கீழ போறேன்" என்றான் கணவன்.

"போனா செக்யூரிட்டி உங்களைப் பேர் எழுதிட்டு உக்காருன்னு சொல்லுவான். நீங்களும் உக்காந்துடுவீங்க." அவள் கண் கேமராவை நோக்கிப் போனது, கேமராவிலிருந்து சுவர்வரை தரையில் கறுப்பாக நெளிந்த வயரை நோக்கிப் போனது. "அந்த பிளக் பக்கத்துல போய் நில்லுங்க."

அவன் போய் நின்றான். ஏன் என்று கேட்கவில்லை. ஓட்டத் தெரிந்தவர் வண்டியில் ஏறினால் அவன் பேசமாட்டான்.

கேமராவுக்குக் கீழே ஒரு சின்னத் திரை இருந்தது. அதில் மேடை தெரிந்தது. டாக்டர் ஒரு கையை உயர்த்தி, "வலி என்பது பழைய காலத்தின் சொல், நம் பேரக்குழந்தைகள் அகராதியைப் புரட்டித்தான் அதற்குப் பொருள் தெரிந்துகொள்வார்கள்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். முன்வரிசையில் தலைவர் தலையாட்டினார்.

"குகையிலேர்ந்து நேரா இங்க தாவிட்டார்" என்றார் பேட்ஜ்காரர் பரபரப்பாக. "வந்துட்டுது. மேடம், அந்த ஒரு வரி மட்டும். 'எனக்கு ஒண்ணுமே தெரியல.' அவ்வளவுதான். சிரிங்க. டாக்டரம்மா, நீங்க படத்துல வராதீங்க. அந்தத் தட்டும் வரக்கூடாது."

"இதை நிறுத்துங்க" என்று டாக்டரம்மா ஆரம்பித்தாள்.

"வேண்டாம் டாக்டர். நான் பேசறேன்" என்றாள் அவள். "எனக்கு ஒரு நிமிஷம் குடுங்க. அது இறங்காம இருந்தா."

பெல்ட்டின் சத்தத்தை இருவரும் கேட்டார்கள். ஓடிக்கொண்டிருந்தது. டாக்டரம்மா ஓர் அடி பின்னால் நகர்ந்து நின்றாள், கை தட்டின் மேல்.

கேமராவில் சிவப்பு விளக்கு எரிந்தது. சின்னத் திரையில் மேடைக்குப் பின்னாலிருந்த பெரிய திரை விழித்தது. அதில் அவளே பெரிதாகத் தெரிந்தாள், பின்னால் தங்க எழுத்துகளோடு. அந்த நேரம் பார்த்து இடது அடிவயிற்றில் ஈரத்துணி முறுக்கிக்கொள்ள ஆரம்பித்தது.

அவள் சிரித்தாள். அது அலுவலகச் சிரிப்பு. குரலில் தெரிவதற்கென்றே பழகிய சிரிப்பு.

"எல்லாருக்கும் வணக்கம். முதல்ல டாக்டருக்கு நன்றி சொல்லணும். அவர் வெச்ச ஊசியால என் வலது பக்கத்துக்கு ஒண்ணுமே தெரியல."

அரங்கத்தில் கைதட்டல் தொடங்கியது. பேட்ஜ்காரர் கண்ணை மூடி ஆண்டவனுக்கு நன்றி சொன்னார்.

முறுக்கு ஏறியது. அவள் கம்பியைப் பிடித்த கை கேமராவுக்குத் தெரியவில்லை. குரலை அதே உயரத்தில் வைத்துக்கொண்டாள்.

"இடது பக்கத்துக்கு எல்லாம் தெரியுது. என் குழந்தையை இப்ப ஆயுதம் போட்டு எடுக்கப் போறாங்க. மருந்துப் பெட்டி சாவி டாக்டர் கழுத்துல இருக்கு. அவர் மேல வந்து மிச்சப் பாதியை முடிச்சுக் குடுத்துட்டு, அப்புறம் மிச்சப் பேச்சைப் பேசலாம்."

பேட்ஜ்காரர் பிளக்கை நோக்கிப் பாய்ந்தார். அங்கே ஒரு ஷூ இருந்தது. ஷூவுக்குள் பல வருஷமாக நூற்றுக்கணக்கான புது ஓட்டுநர்களை மரத்தில் மோதாமல் நிறுத்திய ஒரு கால் இருந்தது. அவர் குனிந்து இழுத்தார், முழங்கையால் இடித்தார், "சார், சார், என் வேலை போயிடும்" என்று கெஞ்சினார். கால் அசையவில்லை.

"பரவாயில்ல டாக்டர்" என்றாள் அவள் திரையிலிருந்த டாக்டரைப் பார்த்து. வலி உச்சத்தில் நின்றது. வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. சிரிப்பு அப்படியே இருந்தது. "நான் லைன்லயே இருக்கேன்."

கீழே யாரும் கைதட்டவில்லை. சிரித்துக்கொண்டே கேட்கப்பட்ட ஒன்றை எப்படி மறுப்பது என்று அந்த அரங்கத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை. எல்லாத் தலைகளும் திரையிலிருந்து மேடைக்குத் திரும்பின. டாக்டரின் உயர்த்திய கை உயர்த்தியபடியே இருந்தது. பிறகு அது இறங்கிக் கழுத்துக் கயிற்றைத் தொட்டுப் பார்த்தது. அவர் மேடையைவிட்டு இறங்கினார். முதலில் நடந்தார். படத்தின் ஓரத்தைத் தாண்டும்போது ஓடிக்கொண்டிருந்தார்.

குதிரை மறுபடி தயங்கியது.

டாக்டரம்மா துண்டை விலக்கினாள். நர்ஸ் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். யாரும் சொல்லாமல் நர்ஸ் செய்த முதல் காரியம் அது. "ஏறு" என்றாள் சித்தி, பெல்ட்டைப் பார்த்து, பள்ளிக்குக் கிளம்ப மறுக்கிற பிள்ளையை அதட்டுவதுபோல. "ஏறு, ஏறு, ஏறுடா."

ஏறியது.

"அடுத்ததுக்கு ஏறாது" என்றாள் டாக்டரம்மா, தனக்குள்.

வழக்கமாக லிஃப்டில் வருகிற டாக்டர் படிக்கட்டில் வந்தார். மார்பில் விழா ரிப்பன் ஆடிக்கொண்டிருந்தது. நர்ஸ் அவசரமாக எழுந்து, பெண்ணின் மானத்தை நினைத்து, கேமராவைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிட்டாள். அணைக்கத் தெரியவில்லை, பிளக்கின் மேல் ஷூ இருந்தது. ஆகவே கீழே அரங்கத்தில் இருந்தவர்கள் திரையில் டாக்டரின் பெயரையும் பட்டங்களையும் மட்டுமே பார்த்தார்கள். சத்தம் தெளிவாகக் கேட்டது.

"ஜில்லுன்னு இருக்கா?"

"இருக்கு."

"இங்க?"

"இருக்கு."

"இந்தப் பக்கம்?"

"அந்தப் பக்கம்தான் ஒண்ணும் இல்லைன்னு சொன்னேனே டாக்டர்."

"குழாய் சரியாத்தான் இருக்கு. ஊசி சரி." துணி சரசரக்கும் சத்தம். "அடச்சே. மருந்து தண்ணி மாதிரி. சாய்ஞ்ச பக்கம்தான் இறங்கும். காலையிலேர்ந்து இவங்களை வலப்பக்கமே சாய்ச்சு வெச்சிருக்கீங்க. எந்த முட்டாள் இந்தத் தலையணையை வெச்சது?"



"நீங்கதான் சார் சொன்னீங்க" என்றது நர்ஸின் குரல். "போர்டு மறையுதுன்னு."

கீழே அரங்கத்தில் இருநூறு பேர் அந்தப் போர்டை மறுபடி ஒருமுறை படித்தார்கள். எம்.டி. நன்றாகத் தெரிந்தது.

டாக்டர் தலையணையை உருவி எறிந்தார். கட்டிலைச் சுவரிலிருந்து தன் தோளாலேயே தள்ளினார். கணவன் உதவிக்கு வர, கால் எடுபட, பேட்ஜ்காரர் பிளக்கைப் பிடுங்க, அப்போதுதான் கேமரா அணைந்தது. அவளை இடப்பக்கம் புரட்டினார்கள். சாவி திரும்பியது. மருந்து குழாயில் ஏறியது. அதற்குப் பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை, காத்திருப்பதைத் தவிர. மேடையில் அத்தனை நேரம் பேசியவர் இப்போது ஐஸ் துண்டை வைத்துக்கொண்டு ஒரு தொடையைப் பார்த்தபடி நின்றார்.

"இருக்கா?"

"இருக்கு."

வயிறு இறுகத் தொடங்கியது. துடிப்பு இறங்கியது.

"இப்ப?"

"குறையுது. இன்னும் இருக்கு."

"எனக்கு நேரமில்ல" என்றாள் டாக்டரம்மா. ஆயுதத்தின் ஒரு பாதி அவள் கையில் இருந்தது.

"ஒரு நிமிஷம்."

"அவ்வளவு இல்ல."

"இப்ப?" என்றார் டாக்டர்.

அவள் கவனித்தாள். ஈரத்துணி முறுக்கிக்கொண்டிருந்தது; ஆனால் இப்போது வேறு யாருடைய வீட்டிலோ முறுக்கிக்கொண்டிருந்தது. "இல்ல" என்றாள். உடனே, "இன்னொரு தடவை வெச்சுக் காட்டுங்க" என்றாள்.

வைத்தார்.

"இன்னும் மேல."

வைத்தார். ஐஸ் உருகி அவர் ரிப்பனில் சொட்டியது.

"இல்ல. ஒண்ணும் தெரியல. நீங்க எடுங்க டாக்டர்" என்றாள் டாக்டரம்மாவிடம்.

வெட்டியது தெரியவில்லை. ஆயுதம் உள்ளே போனது தெரியவில்லை; இழுத்தது தெரிந்தது, கட்டிலோடு சேர்த்துத் தன்னை யாரோ வாசல்வரை இழுத்துப் போவதுபோல. பெல்ட்டின் சத்தம் இடறி இடறி எங்கோ கீழே போய்க்கொண்டிருந்தது. "தள்ளு" என்றார்கள். தள்ளினாள். சித்தியும் தள்ளினாள். கணவன் இரண்டு காலாலும் தரையை மிதித்தான். பிறகு ஒரு கனம் வழுக்கிக்கொண்டு வெளியே போனது. அறை அமைதியானது, அந்த அமைதி நீண்டது. நர்ஸ் ஒரு துணியால் எதையோ தேய்த்தாள், தேய்த்தாள், தட்டினாள்.

குழந்தை கத்தியது. சுற்றறிக்கை படிக்காத குழந்தை. மாடி முழுக்கக் கேட்டது.

கீழே விழாவைத் தலைவர் சமாளித்துவிட்டார் என்று பிறகு தெரிந்தது. 'நீங்கள் இப்போது பார்த்தது எங்கள் குழுவின் நேரடிச் செயல்விளக்கம்' என்று அறிவித்திருக்கிறார். விருந்தினர்கள் எழுந்து நின்று கைதட்டினார்களாம். பேட்ஜ்காரருக்கு வேலை போகவில்லை.

சாயங்காலம் வெயில் சன்னலில் சாய்ந்திருந்தபோது மயக்க டாக்டர் தனியாக வந்தார். ரிப்பன் இல்லை. கட்டில் இப்போது அறையின் நடுவில் இருந்தது. சித்தி மூலையில் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தாள். கணவன் குழந்தையை, கியர் மாற்றத் தெரியாதவன் கையில் புது வண்டியைக் கொடுத்ததுபோல, அசையாமல் பிடித்திருந்தான். டாக்டர் கட்டிலோரம் வந்து, உட்காரலாமா என்று யோசித்து, நின்றுகொண்டார். தொண்டையைச் செருமினார்.

"உங்களுக்கு ஏற்பட்ட அசௌகரியத்துக்கு..."

"அந்த வரி வேண்டாம் டாக்டர்" என்றாள் அவள். "அது எங்க ஆபீஸ் வரி. சொல்றவங்களுக்கு எவ்வளவு சுலபம்னு எனக்குத் தெரியும்."

டாக்டர் சுவரைப் பார்த்தார். அங்கே முகங்கள் சிரித்துக்கொண்டிருந்தன. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ரொம்ப வலிச்சுதா?" என்று கேட்டார்.

"வலிச்சுது" என்றாள்.

அவர் எழுந்து போகவில்லை. மிச்சத்தையும் கேட்பதற்கு உட்கார்ந்திருந்தார்.